எழுத்தின் பெயரும் எழுத்தின் ஒலியும்: ஃபோனிக்ஸ் குறித்து ஓர் எளிய விளக்கம்

சிறு குழந்தைகளுக்கு ஆங்கிலம் படிக்கக் கற்றுக்கொடுப்பது பற்றிய பேச்சில் ‘ஃபோனிக்ஸ்’ என்னும் சொல் இன்று தவறாமல் இடம்பெறுகிறது. அதை அழகான உச்சரிப்புக்கான பயிற்சி என்று சிலரும், பாட்டும் சைகையுமாக எழுத்துகளை மனப்பாடம் செய்விக்கும் விளையாட்டு என்று சிலரும், ஆங்கிலம் பேசப் பழக்கும் வழி என்று வேறு சிலரும் நினைக்கிறார்கள். இவற்றில் எதுவும் சரியன்று. பேச்சில் உள்ள ஒலிகள் எழுத்தில் எவ்வாறு குறிக்கப்படுகின்றன என்பதை ஒழுங்கான வரிசையில் வெளிப்படையாகச் சொல்லிக்கொடுத்து, அந்த அறிவைக் கொண்டு இதுவரை பார்த்திராத சொல்லையும் குழந்தை தானே படிக்கும்படி செய்கிற முறையே ஃபோனிக்ஸ். ‘எழுத்துக்கூட்டிப் படித்தல்’ என்று நாம் நெடுங்காலமாகச் சொல்லிவருவதற்கு அது மிக நெருக்கமானது. ஆனால் ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டுவது தமிழில் கூட்டுவதைப்போல அத்தனை நேரடியானதன்று. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

கேட்டுப் பாடுதலும் சுரம் பார்த்துப் பாடுதலும்

பாடல்களைக் காதால் கேட்டே கற்றுக்கொண்ட ஒருவர், தாம் கேட்ட நூறு பாடல்களையும் பிசகின்றிப் பாடக்கூடும். நூற்றோராவது பாடலை அவருக்கு யாரேனும் பாடிக்காட்ட வேண்டும். சுரக் குறிப்பைப் பார்த்துப் பாடப் பழகியவருக்கு அந்தத் தேவை இல்லை. தொடக்கத்தில் தட்டுத்தடுமாறினாலும், தாளில் எழுதப்பட்டுள்ள எந்தப் பாடலையும் அவரால் தாமே பாடிப் பார்க்க முடியும். ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லையும் ஒரு படம்போலப் பார்த்து மனப்பாடம் செய்யும் குழந்தை முதல் வகையைச் சேர்ந்தது. அட்டையைக் காட்டியவுடன் சொல்லைச் சொல்லிவிடுவதால், பெற்றோருக்கு அது படித்துவிட்டதாகவே தோன்றும். அட்டைக் கட்டில் இல்லாத ஒரு சொல்லை எழுதிக் காட்டினால்தான் உண்மை வெளிப்படும். ஃபோனிக்ஸின் நோக்கம் குழந்தையை இரண்டாம் வகையினராக்குவது.

தமிழில் இயல்பாக இருப்பது, ஆங்கிலத்தில் இல்லாதது

தமிழ் நெடுங்கணக்கில் 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என மொத்தம் 247 எழுத்துகள் உள்ளன. எண்ணிக்கை மலைக்க வைத்தாலும், இந்த எழுத்துமுறையில் பெரியதொரு வசதி இருக்கிறது. பெரும்பாலான எழுத்துகளின் பெயரும் ஒலியும் ஒன்றே. அ, ம், மா என்று மூன்று எழுத்துகளையும் விரைவாகச் சொன்னால் ‘அம்மா’ என்னும் சொல் தானாக வந்துவிடுகிறது. ஆகவே எழுத்துகளைக் கற்றுக்கொண்ட குழந்தை, படிக்கும் வேலையில் பெரும்பகுதியை முடித்துவிட்டது என்று தமிழில் சொல்ல முடியும்.

ஆங்கிலத்தில் இது பொருந்தாது. சூரியனைக் குறிக்கும் ‘சன்’ என்ற சொல்லில் உள்ள எழுத்துகளின் பெயர்கள் எஸ், யூ, என். இவற்றை எத்தனை வேகமாகச் சொன்னாலும் ‘எஸ்யூயென்’ என்றுதான் ஒலிக்கும்; ‘சன்’ வராது. அதே எழுத்துகள் குறிக்கும் ஒலிகளாகிய ஸ், அ, ன் என்பவற்றைச் சேர்த்துச் சொன்னால் சொல் உடனே கிடைக்கிறது. இருபத்தாறு எழுத்துகளின் பெயர்களையும் இனிய பாட்டாகப் பாடத் தெரிந்த குழந்தையால் மூன்றெழுத்துச் சொல்லைக்கூடப் படிக்க முடியாமல் போவதற்கு இதுவே காரணம். அக்குழந்தைக்கு எழுத்தின் பெயர் தெரியும். எழுத்தின் வேலை தெரியாது. தமிழ் படித்து வளர்ந்த பெற்றோர், எழுத்துப் பெயர்களைக் கற்பித்ததும் அடித்தளம் போட்டாகிவிட்டது என்று நம்புவதில் வியப்பில்லை, ஏனெனில் அவர்கள் படித்த மொழியில் அது ஏறக்குறைய உண்மை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தனி மெய்யொலியைப் புள்ளி வைத்துக் காட்டும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. ‘ம’ வேறு, ‘ம்’ வேறு என்பது தமிழ் படித்த எவருக்கும் தெரியும். ஆங்கிலம் கற்பிக்கும்போது மட்டும் இதை மறந்து, எம் என்ற எழுத்தின் ஒலி ‘ம’ என்றும் எஸ் என்ற எழுத்தின் ஒலி ‘ஸ’ என்றும் சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ‘ஸ–அ–ன’ என்று கூட்டும் குழந்தைக்கு ‘ஸஅன’ என்றுதான் கேட்கும். அதிலிருந்து ‘சன்’ என்ற சொல்லைப் பிடிப்பது கடினம். ஒலிகளைப் புள்ளி வைத்த மெய்யாக, உயிரொலி ஒட்டாமல் சொல்வது ஃபோனிக்ஸில் சிறிய செய்தியன்று. முறை தோற்றுப்போகிற பல இடங்களில் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

ஒலியன்: காதுக்குப் புலப்படாத துண்டு

ஒரு மொழியில் ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து வேறுபடுத்தும் மிகச் சிறிய ஒலி ‘ஒலியன்’ எனப்படும். தமிழில் ‘பல்’, ‘கல்’ என்ற இரு சொற்களையும் பிரிப்பது முதலில் வரும் ப், க் என்ற ஒலியன்களே. ஆங்கிலத்தில் ஏறத்தாழ 44 ஒலியன்கள் இருப்பதாகப் பொதுவாகக் கணக்கிடுவர். வட்டார வழக்கைப் பொறுத்து இந்த எண்ணிக்கை சற்றுக் கூடும், குறையும்.

படித்தவர்களுக்கு ‘பல்’ என்பதில் ப், அ, ல் என்று மூன்று ஒலிகள் இருப்பது வெளிப்படையாகத் தோன்றுகிறது. படிக்காதவருக்கு அது வெளிப்படையானதன்று. 1974-இல் இசபெல் லிபர்மனும் உடன் ஆய்வாளர்களும் ஒரு சோதனை செய்தனர். ஒரு சொல்லில் எத்தனை துண்டுகள் உள்ளனவோ அத்தனை முறை மேசையைத் தட்டும்படி குழந்தைகளிடம் கேட்டனர். நான்கு வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் அசைகளை எண்ணித் தட்டிவிட்டனர். ஒலியன்களை எண்ணித் தட்ட அந்த வயதில் ஒருவராலும் இயலவில்லை. 1979-இல் ஜோசே மொராயிஸ் குழுவினர் போர்ச்சுகலில் எழுத்தறிவு பெறாத பெரியவர்களிடம், ஒரு சொல்லின் முதல் ஒலியை நீக்கிச் சொல்லுமாறும் சேர்த்துச் சொல்லுமாறும் கேட்டபோது, அவர்களில் பெரும்பாலோர் திணறினர். அதே பின்னணியைச் சேர்ந்த, வளர்ந்தபின் படிக்கக் கற்றவர்கள் அதைப் பெரும்பாலும் சரியாகவே செய்தனர். ஆக, ஒலியனை உணரும் திறன் வயது ஏறுவதால் தானாக முளைப்பதன்று. எழுத்தைக் கற்கும்போதுதான் அது கூர்மைப்படுகிறது.

இதற்குக் காரணம் பேச்சின் இயல்பிலேயே இருக்கிறது. நாம் பேசும்போது ஒலிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து வெளியிடுவதில்லை. ‘பல்’ என்று சொல்ல உதடுகளை மூடும்போதே, நாக்கு அடுத்த உயிரொலிக்குத் தயாராகிவிடுகிறது. ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தே வருகின்றன. எழுத்தோ அவற்றைத் தனித்தனியே பிரித்து வைக்கிறது. குழந்தை கற்க வேண்டியது இந்தப் பிரிப்பைத்தான். அது பேசக் கற்பதைப்போல இயல்பாக வந்துவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. ‘க் + ஆ = கா’ என்று உயிர்மெய் வாய்ப்பாட்டைச் சொல்லிப் பழகும் தமிழ்க் குழந்தை, தன்னை அறியாமலேயே இந்தப் பிரிப்பைப் பயின்றுவிடுகிறது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

இதுவரை பார்த்தது இவ்வளவே: எழுத்தின் பெயர் வேறு, அது குறிக்கும் ஒலி வேறு, வாசிக்க உதவுவது ஒலி. அந்த ஒலிகள் சொல்லுக்குள் தனித்தனியாக இருப்பதைக் குழந்தை உணர வேண்டும், அதற்குக் கற்பித்தல் தேவை.

பாடம் எப்படி நடக்கிறது

ஃபோனிக்ஸ் பாடம் அகர வரிசையில் செல்வதில்லை. பல பாடத்திட்டங்கள் எஸ், ஏ, டி, பி, ஐ, என் ஆகிய ஆறு எழுத்துகளோடு தொடங்குகின்றன. இங்கே டி என்பது ‘டேபிள்’ என்பதன் முதலெழுத்து, பி என்பது ‘பேப்பர்’ என்பதன் முதலெழுத்து. ஆங்கிலத்தில் வேறு வேறாக உள்ள சில ஒலிகளைத் தமிழ் ஒரே எழுத்தால் குறித்துவிட்டு, சொல்லில் அது வரும் இடத்தைக் கொண்டு ஒலியைத் தீர்மானிப்பதால், இத்தகைய குறிப்பைச் சேர்க்காமல் இவற்றைத் தமிழில் எழுத முடிவதில்லை. இந்த ஆறு எழுத்துகளைத் தேர்வதற்குக் காரணம், இவற்றை மாற்றி மாற்றி அடுக்கினாலே ‘சிட்’, ‘பின்’, ‘டின்’, ‘டிப்’ எனப் பல சொற்கள் கிடைத்துவிடுவதே. முதல் சில வாரங்களிலேயே குழந்தை உண்மையான சொற்களைப் படிக்கத் தொடங்கிவிடுகிறது.

ஒலிகளை வரிசையாகச் சொல்லி ஒன்றாகச் சேர்த்துச் சொல்லாக்குவது ‘ஒலி கூட்டல்’. ஸ், இ, ட் என்று மூன்றையும் சொல்லி, இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்து ‘சிட்’ என்று முடிப்பது அதற்கு எடுத்துக்காட்டு. முழு முறையின் உயிர்நாடி இதுதான். 44 ஒலிகளையும் சைகையோடு ஒப்பிக்கத் தெரிந்தும், கூட்டத் தெரியாத குழந்தை வாசிக்கத் தொடங்கவில்லை. ஸ், ம், ன் போன்ற ஒலிகளை மூச்சுள்ளவரை நீட்ட முடியும் என்பதால், அவற்றில் தொடங்கும் சொற்களைக் கூட்டுவது எளிது. ப், ட், க் போன்றவை வெடித்து நின்றுவிடுபவை, ஆகையால் அவற்றில் தொடங்கும் சொற்களுக்குச் சற்றுக் கூடுதல் பொறுமை வேண்டும்.

இதன் தலைகீழ் வேலை ‘ஒலி பிரித்தல்’. ‘பின்’ என்று காதில் விழுந்த சொல்லை ப், இ, ன் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய எழுத்தை எழுதுவதே அது. வாசிப்பும் எழுத்துப் பிழையின்றி எழுதுதலும் ஒன்றையொன்று வலுப்படுத்துவதால், நல்ல பாடத்தில் இரண்டும் ஒரே நாளில் இடம்பெறும். குழந்தை இதுவரை கற்ற எழுத்தொலிகளை மட்டுமே கொண்டு எழுதப்பட்ட சிறு புத்தகங்களும் உடன் கொடுக்கப்படும். அவற்றின் கதைகள் சில நேரம் சப்பென்று இருக்கும் என்பது உண்மை. சுவையான கதைகளைப் பெரியவர்கள் படித்துக்காட்டலாமே. இந்தப் புத்தகங்களின் வேலை வேறு.

இருபத்தாறு எழுத்தும் நாற்பத்துநான்கு ஒலியும்

ஒலிகள் 44, எழுத்துகள் 26. இந்த இடைவெளியை ஆங்கிலம் எழுத்துகளைச் சேர்த்து நிரப்புகிறது. கப்பலைக் குறிக்கும் ‘ஷிப்’ என்ற சொல்லில் எஸ், ஹெச், ஐ, பி என நான்கு எழுத்துகள் உள்ளன. ஒலிகளோ ஷ், இ, ப் என மூன்றுதான். எஸ்ஸும் ஹெச்சும் சேர்ந்து ஒரே ஒலியைத் தருகின்றன. இவ்வாறு இரண்டு எழுத்துகள் சேர்ந்து ஓர் ஒலியைக் குறிப்பதை ‘ஈரெழுத்துக் கூட்டு’ எனலாம். சில கூட்டுகளில் இரண்டு எழுத்துகளும் அருகருகே இருப்பதில்லை. ‘பின்’ என்ற சொல்லின் இறுதியில் ஈ என்னும் எழுத்தைச் சேர்த்தால் அது ‘பைன்’ ஆகிவிடுகிறது. அந்த ஈ தனக்கென ஒலி எதுவும் இல்லாமல், முன்னால் உள்ள உயிரெழுத்தின் ஒலியை மாற்றுவதோடு நின்றுவிடுகிறது.

இன்னொரு சிக்கல், ஓர் ஒலியைப் பல விதமாக எழுதலாம் என்பதும் ஒரே எழுத்துக்கூட்டு பல விதமாக ஒலிக்கலாம் என்பதும். ‘டீம்’ என்ற சொல்லில் ஈ, ஏ என்ற இரண்டு எழுத்துகள் சேர்ந்து நீண்ட ஈகார ஒலியைத் தருகின்றன. ‘ஹெட்’ என்ற சொல்லில் அதே இரண்டும் குறுகிய எகர ஒலியைத் தருகின்றன. இதனால் குழந்தைக்கு ஏற்படும் சுமை கற்பனையன்று. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் முதலாண்டுக் குழந்தைகளின் வாசிப்பை ஒப்பிட்டு, ஃபிலிப் சீமோரும் உடன் ஆய்வாளர்களும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஃபின்னிஷ், கிரேக்கம் போன்ற சீரான எழுத்துமுறை கொண்ட மொழிகளின் குழந்தைகள் ஆண்டின் முடிவில் பழகிய சொற்களை ஏறக்குறையப் பிழையின்றிப் படித்தனர். ஆங்கிலக் குழந்தைகள் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே சரியாகப் படித்தனர். ஆங்கிலத்தில் நம் குழந்தை மெதுவாக முன்னேறுகிறதே என்று கவலைப்படுபவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

‘ஆங்கிலத்துக்கு விதியே கிடையாது, பிறகு ஃபோனிக்ஸ் எதற்கு?’ என்று கேட்பவர்கள் மறுமுனைக்குச் சென்றுவிடுகிறார்கள். விதிகள் பல, அவற்றில் சில சிக்கலானவை; ஆனால் விதியே இல்லை என்பது தவறு. சி என்ற எழுத்து சில இடங்களில் க் என்றும் சில இடங்களில் ஸ் என்றும் ஒலிப்பது தாறுமாறாகத் தோன்றலாம். ஈ, ஐ, ஒய் ஆகிய எழுத்துகளுக்கு முன்னால் வந்தால் அது பெரும்பாலும் ஸ் என்றே ஒலிக்கும் என்று தெரிந்தபின் குழப்பம் பெருமளவு தீர்கிறது. உண்மையாகவே விதிக்கு அடங்காத சொற்களிலும், முழுச் சொல்லும் அடங்காமல் போவது அரிது. ‘சொன்னார்’ என்று பொருள்படும் ‘செட்’ என்ற சொல்லில் முதலெழுத்தும் கடைசி எழுத்தும் தத்தம் ஒலியையே தருகின்றன. நடுவில் உள்ள ஏ, ஐ என்ற கூட்டு மட்டுமே வழக்கத்துக்கு மாறாக ஒலிக்கிறது. அந்த ஒரு பகுதியை மட்டும் சுட்டிக்காட்டி நினைவில் வைக்கச் சொன்னால் போதும்.

கூட்டிப் படித்த சொல் பார்த்தவுடன் தெரியும் சொல்லாவது

தேர்ந்த வாசகர் எவரும் ஒவ்வொரு சொல்லையும் கூட்டிப் படிப்பதில்லை. பார்த்த கணத்தில் சொல் தெரிந்துவிடுகிறது. அப்படியானால் முதலிலிருந்தே சொற்களை முழுதாகக் கற்பிக்கலாமே என்ற வாதம் இங்கிருந்துதான் எழுகிறது. அது முடிவைத் தொடக்கமாக எடுத்துக்கொள்ளும் வாதம். ஒரு சொல்லின் ஒலிகளும் எழுத்துகளும் ஒன்றோடொன்று பொருந்துவதைக் குழந்தை சில முறை கவனமாகக் கூட்டிப் பார்க்கும்போது, அந்தச் சொல்லின் எழுத்து வரிசையும் ஒலியும் பொருளும் நினைவில் ஒன்றாகப் பிணைகின்றன. அதன்பின் கூட்ட வேண்டிய தேவை இருப்பதில்லை. வாசிப்பியல் ஆய்வாளர் லின்னியா ஏரி இந்தப் பிணைப்பை விரிவாக ஆராய்ந்தவர். கூட்டிப் படிக்கத் தெரிந்த குழந்தை, புதிய சொல் ஒன்றை எதிர்கொள்ளும் ஒவ்வொரு முறையும் தனக்குத்தானே ஆசிரியராகிறது என்று 1995-இல் டேவிட் ஷேர் எழுதினார். சொற்களின் வடிவத்தை மட்டும் நினைவில் வைத்த குழந்தையோ, ஒன்றுபோலத் தோன்றும் சொற்கள் பெருகப் பெருக அவற்றை ஒன்றுக்கொன்று மாற்றிப் படிக்கத் தொடங்குகிறது.

ஊகித்துப் படிக்கச் சொல்லலாமா

1967-இல் கென்னத் குட்மன், வாசிப்பை ஒருவகை ஊக விளையாட்டாக விளக்கினார். படத்தையும் வாக்கியத்தின் போக்கையும் முதலெழுத்தையும் வைத்துச் சொல்லை ஊகிக்குமாறு குழந்தைகளிடம் சொல்லும் வழக்கம் அந்தக் கருத்திலிருந்து வளர்ந்து, ஆங்கிலம் பேசும் நாடுகளில் பல பத்தாண்டுகள் செல்வாக்குப் பெற்றிருந்தது. கண்ணசைவை ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு: நன்றாகப் படிப்பவர்கள் பெரும்பாலான சொற்களை நேரே பார்க்கிறார்கள், எழுத்துகளைத் தவறவிடுவதில்லை. ஊகத்தை அதிகம் நம்புபவர்கள் திறன் குறைந்த வாசகர்களே. அமெரிக்காவில் தேசிய வாசிப்புக் குழு 2000-இல் வெளியிட்ட அறிக்கை, ஒழுங்கான வரிசையில் கற்பிக்கப்படும் ஃபோனிக்ஸ், வரிசையற்றதைவிடவும் அறவே இல்லாததைவிடவும் நல்ல பயன் தருவதாகக் கூறியது. இங்கிலாந்தில் 2006-இல் ஜிம் ரோஸ் தலைமையிலான ஆய்வறிக்கையும் இதே திசையில் பரிந்துரைத்தது.

இங்கிலாந்தில் 2012 முதல் முதலாம் ஆண்டுக் குழந்தைகளுக்கு நடத்தப்படும் ஃபோனிக்ஸ் சோதனையில் 40 சொற்கள் உள்ளன. அவற்றில் பாதி, எந்த அகராதியிலும் இல்லாத போலிச் சொற்கள். பொருளற்ற சொற்களைக் குழந்தையிடம் கொடுப்பதா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. மனப்பாடத்தாலோ ஊகத்தாலோ படிக்க முடியாத சொல் அது ஒன்றுதான் என்பதால், கூட்டத் தெரிகிறதா என்று அறிய அதைவிட நேரிய வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் போலிச் சொற்களையே பாடமாக்கிப் பயிற்சி கொடுப்பது வீண். அவை அளவுகோல் மட்டுமே.

வாசிக்கத் தெரிவதும் புரிவதும்

இதுவரை சொன்னவற்றைக் கேட்டு, ஃபோனிக்ஸ் முடித்த குழந்தைக்கு ஆங்கிலம் வந்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. 1986-இல் ஃபிலிப் காஃப், வில்லியம் டன்மர் இருவரும் வாசிப்பை ஓர் எளிய பெருக்கலாக விளக்கினர். வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் என்பது, எழுத்துக்கூட்டும் திறனையும் மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கி வருவது. கூட்டலாக இல்லாமல் பெருக்கலாக இருப்பதில்தான் செய்தி இருக்கிறது. இரண்டில் எது சுழியமானாலும் விடை சுழியமே.

ஆங்கிலம் வீட்டு மொழியாக இல்லாத குழந்தைக்கு இது கூடுதலாகப் பொருந்தும். வீட்டில் ஆங்கிலம் பேசி வளரும் குழந்தை ‘ஷிப்’ என்று கூட்டி முடித்ததும், காதில் விழுந்த ஒலி முன்பே அறிந்த சொல்லோடு சேர்ந்துகொள்கிறது. சரியாகக் கூட்டினோம் என்ற உறுதியும் அதனாலேயே கிடைக்கிறது. அந்தச் சொல்லைக் கேட்டே அறியாத குழந்தை எத்தனை துல்லியமாகக் கூட்டினாலும், அதன் கையில் மிஞ்சுவது பொருளற்ற ஓர் ஒலிதான். அதற்கு எல்லாச் சொல்லும் போலிச் சொல்லே. ஆகவே ஃபோனிக்ஸ் வகுப்போடு, குழந்தை கேட்டுப் புரிந்துகொள்ளும் ஆங்கிலச் சொற்களின் தொகையும் வளர வேண்டும். கதை படித்துக்காட்டுதல், பொருளைக் காட்டிப் பெயர் சொல்லுதல், சிறு உரையாடல் ஆகியவை அதற்கு உதவும். தாய்மொழியில் கதை கேட்டு வளர்ந்த குழந்தைக்கு, ஒரு நிகழ்ச்சியின் காரணத்தையும் விளைவையும் தொடர்ந்து பின்பற்றும் பழக்கம் முன்பே இருக்கிறது. அந்தப் பழக்கம் எந்த மொழியில் படித்தாலும் பயன்படும். ஆங்கிலத்துக்கு இடம்விட வேண்டும் என்று தாய்மொழியை ஒதுக்கத் தேவையில்லை.

உச்சரிப்புப் பற்றியும் ஒரு சொல். ஃபோனிக்ஸ் கற்பிப்பவர் எந்த நாட்டு உச்சரிப்பையும் போலியாகப் பேசிக்காட்ட வேண்டியதில்லை. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு சீராக இருந்தால் போதும். ஸ்காட்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் குழந்தைகள் தத்தம் ஒலிப்பிலேயே படிக்கக் கற்கின்றனர்.

குழந்தை தடுமாறும்போது

புத்தகத்தில் ஒரு சொல்லில் குழந்தை நின்றுவிட்டால், உடனே விடையைச் சொல்வதும் படத்தைப் பார்க்கச் சொல்வதும் எளிது. அதைவிட, சொல்லின் முதல் ஒலியில் விரலை வைத்து, தெரிந்த ஒலிகளை வரிசையாகச் சொல்லவைத்து, ஈரெழுத்துக் கூட்டு எதுவும் இருந்தால் அதை மட்டும் நாம் சொல்லிக்கொடுத்து, கூட்டும் வேலையைக் குழந்தையிடமே விடுவது பயன்தரும். ஒரு நாளில் பத்துப் பதினைந்து நிமிடம் இதற்குப் போதுமானது. கூட்டி முடித்தபின் அந்த வாக்கியத்தை முழுதாக மீண்டும் ஒருமுறை படிக்கச் செய்ய வேண்டும், ஏனெனில் கூட்டும் முயற்சியிலேயே கவனம் முழுவதும் செலவாகி, வாக்கியத்தின் பொருள் நழுவியிருக்கும்.

ஒழுங்காகக் கற்பித்தும் பல மாதங்களாக மூன்று ஒலிகளைக்கூடச் சேர்க்க முடியாத குழந்தைகளும் உண்டு. அவர்களுக்கு முதலில் செவித்திறனையும் பார்வையையும் சோதிக்க வேண்டும். அவற்றில் குறையில்லை எனில், அறிவுத்திறனோடு தொடர்பில்லாத வாசிப்புக் குறைபாடாகிய டிஸ்லெக்சியா இருக்கிறதா என்று தேர்ந்தவர்களிடம் பார்ப்பது நல்லது. அப்படி இருந்தாலும் முறை மாறுவதில்லை. சிறிய படிகளாக, அதிகத் திரும்பச் சொல்லலோடு, நீண்ட காலம் அதே எழுத்தொலித் தொடர்புகளே கற்பிக்கப்படுகின்றன. மற்றக் குழந்தைகளுக்கு ஃபோனிக்ஸ் தனிப் பாடமாக இருப்பது பெரும்பாலும் தொடக்க ஆண்டுகளில் மட்டுமே. பழகிய சொற்களைத் தயங்காமலும் புதிய சொற்களைத் தாமே கூட்டியும் படிக்கத் தொடங்கியபின், அந்த நேரத்தைச் சொல்வளத்துக்கும் விரும்பிய புத்தகங்களுக்கும் கொடுத்துவிடலாம்.